மறியல்காரனின் தாய்

என் மகன் கஞ்சாப் பொதிகளோடு கடலில் பிடிபட்டு வவுனியாச் சிறையில், மறியலில் கிடந்தான். அவனைப் பார்க்கப் போகும்போது எங்கள் ஊர் பள்ளிமுனையில் யார் கேட்டாலும், "உயிலங்குளத்துக்கு, தங்கச்சி வீட்ட போறன்" என்பேன். கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் முழங்காலிடுவேன். பூசை முடியுமுன் எழும்பிப் போய்விடுவேன்.

தபசுகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதையின் பன்னிரண்டாம் நிலையில், சிலுவையின் கீழ் நிற்கும் மாதாவைப் பார்த்தேன். அன்றைக்கு அங்கே நின்ற சனமும் அவளைக் காட்டி, "அந்தா, கள்ளனோட தொங்கிறவன்ர தாய்" என்றுதானே சொல்லியிருக்கும்? அவளுடைய பிள்ளை குற்றமில்லாதவர், என்னுடையவன் குற்றவாளி. அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் அந்தக் கள்ளனையும் மோட்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர். அவரே வெட்கப்படவில்லை, நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அடுத்த முறை பஸ் தரிப்பிடத்தில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"எங்க அக்கா, உயிலங்குளத்துக்கோ?"

"இல்ல, மறியலுக்கு. மகனைப் பாக்கப் போறன்."

வவுனியா வரை நான் தலை குனியவில்லை.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம், அவன்தான் கடைசிவரை நிமிரவேயில்லை.