கேள்வியின் வால்

“ஒதுங்கிய சுபாவம். தொடர்பாற்றல் குறைவு. ஆட்களோடு பழகத் தேவையில்லாத வேலைக்கு உகந்தவர்.”

சுஜீவா சுவிஸ் நாட்டின் ஊஸ்டர் நகரத்துக்கு வந்த புதிதில், வேலை தேடித் தரும் அதிகாரி ஒருவர் அவரைப் பற்றி எழுதிவைத்த குறிப்பு இது. அதிகாரிக்குத் தெரிந்த மொழி எதுவும் சுஜீவாவுக்கு அப்போது தெரியாது என்பதை மறந்துவிட்டால், குறிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் சுஜீவா வெங்காயம் வாங்கிய கதையைத் தொடங்கினால், கடை வந்து சேருமுன் இரண்டு கல்யாணமும் ஒரு சத்திரசிகிச்சையும் நடந்து முடிந்துவிடும். சொன்ன விஷயத்தில் நிற்க அவரால் முடியாது.

இப்படிப்பட்டவர்தான் 1997இல், ‘விஷயத்தை விட்டு விலகக் கூடாது’ என்பதற்காக உலகத் தமிழர் பாதிப்பேரைப் பகைத்துக்கொண்டார்.

கணினி நிரல் எழுதும் தமிழர்களுக்கான மின்னஞ்சல் குழு ஒன்று இருந்தது. சூரிச்சில் படித்த துஷாந்தன் தொடங்கியது. ஹைமில், அதாவது முதியோர் இல்லத்தில், வயதானவர்களைப் பராமரித்துக்கொண்டே மாலை வகுப்பில் கணினி படித்த சுஜீவா அதில் சேர்ந்தார். துஷாந்தன் அமெரிக்கா போனபோது மொடரேட்டர் பதவி அவர் தலையில் விழுந்தது. எல்லாக் கடிதமும் முதலில் அவரிடம் வரும். அவர் அனுப்பினால்தான் மற்றவர்களுக்குப் போகும். நிரல் எழுதுவதில் அவர் பெரிய கெட்டிக்காரர் இல்லை. வெட்டுவதில் கெட்டிக்காரர்.

முக்கியமாக ஒரு கேள்வியை வெட்டினார். நம்மவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, நிரல் ஏன் ஓடவில்லை என்று கேட்பார்கள். கீழே ஒரு வால் தொங்கும்: “அதுசரி, நீங்கள் ஊரில எவடம்?” பார்வைக்கு அது பூகோளக் கேள்வி. கேட்பவருக்குத் தேவை சாதி, சார்பு, சம்பந்தம் எல்லாம். சுஜீவா வாலை நறுக்கிவிட்டுக் கேள்வியை மட்டும் அனுப்புவார். தான் எவடம் என்றும் சொல்லவில்லை.

சொல்லாதவரை நம்பலாமா? சுஜீவா ஆணா பெண்ணா என்பதே முதல் சந்தேகம். சிங்களவருக்கும் அந்தப் பெயர் உண்டு என்று ரொறொன்ரோ கண்டுபிடித்தது. இயக்கம் வைத்த ஆள் என்றது பாரிஸ். அரசாங்கம் வைத்த ஆள் என்றது இலண்டன். மாத முடிவுக்குள் மொடரேட்டர் யாரென்று தெரியாவிட்டால் வேறு குழு தொடங்குவோம் என்று கெடுவும் வைத்தது. வீட்டில் வேறு கணக்கு. மின்னஞ்சலும் தொலைபேசிக் கம்பி வழியாகவே வந்த காலம். தொலைபேசி எப்போதும் பாவனையில் இருக்கிறதே, யாரோடு கதை என்று கணவனின் அக்கா யோகாம்பாள் கேட்கத் தொடங்கியிருந்தார்.

வால் வெட்டுப்பட்டவர்களில், சுவிஸிலேயே பாடன் நகரத்தில் இருந்த இரவீந்திரனுக்குத்தான் கோபம் அதிகம். தொலைபேசிப் புத்தகத்தில் பெயரைத் தேடி ஒருநாள் அழைப்பு எடுத்தே விட்டார்.

“சுஜீவா அண்ணை நிக்கிறாரோ?”

“அண்ணை இல்லை. நான்தான் சுஜீவா.”

“மொடரேட்டர்...?”

“ஓம். என்ன, புரோகிராம் ஓடயில்லையோ?”

ஞாயிற்றுக்கிழமை கேக் பெட்டியோடு வந்து இறங்கினார். சுஜீவா தேநீர் கொடுத்து, ஹைமில் பல்செட்டை அயலாள் களவெடுத்துவிட்டதாகச் சொல்லும் கிழவியிலிருந்து தொடங்கி ரயில் கட்டணம் வரைக்கும் வந்தார். இரவீந்திரனுக்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை.

“அக்கா, ஒண்டு கேக்கலாமோ...”

“அவ சொல்லமாட்டா தம்பி,” என்றார் யோகாம்பாள், கேக்கை வெட்டிக்கொண்டே. “மட்டக்களப்பு. பாயில இருந்திடாதையும், ஒட்டிப்போடும்!”

“நான் கதிரையிலதானே இருக்கிறன்,” என்ற இரவீந்திரன் சற்று அசைந்து பார்த்துக்கொண்டார்.

“கதிரைக்கும் மந்திரம் இருக்கு மச்சாள்,” என்றார் சுஜீவா.

மட்டக்களப்பார் மந்திரம் போட்டு, வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது, யாழ்ப்பாணத்துச் சச்சிதானந்தனைக் கட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் அவர் கேட்டுவரும் பகிடி. முதலில் எவடம் என்பார்கள், பிறகு பாய் வரும், பிறகு ஒரு சின்ன மௌனம். இவை மூன்றும் இல்லாத ஒரே தமிழ் இடம் அந்தக் குழு. அதை விட்டுவிட அவருக்கு மனமில்லை.

இரவீந்திரன் சிரித்துவிட்டார். “இதுக்கோ அக்கா இவ்வளவு ஒளிப்பு? நாங்கள் இயக்கம் எண்டும் நினைச்சம், அரசாங்கம் எண்டும் நினைச்சம்.”

“ரெண்டும் ஒரே ஆளோ?”

“ஆக்கள் மாறி மாறி நினைச்சவை. நீங்கள் யோசியாதையுங்கோ, நான் சரிப்படுத்திறன்.”

இரண்டு நாளில் அவருடைய கடிதம் குழுவுக்காக வந்து சுஜீவாவிடம் நின்றது. மேலே, நிரல் ஓர் இடத்தில் ஓடி நின்றுவிடுவதைப் பற்றிய கேள்வி. கீழே ஒரு பத்தி: மொடரேட்டர் மட்டக்களப்புப் பெண்மணி, ஊஸ்டரில் முதியோரைப் பார்க்கிறவர், தங்கமான மனுசி, சந்தேகப்பட்டது எங்கள் பிழை.

சச்சிதானந்தன் எட்டிப் பார்த்து வாசித்தார். “நல்லதாத்தானே எழுதியிருக்கு. விடுமன். இலண்டன் ஆக்களும் நிண்டிடுவினம்.”

“என்னை எவடம் எண்டு போட்டா, அடுத்த ஆளும் போடோணும்.”

“அப்ப குழு உடையும்.”

“ஓம்.”

இரவீந்திரன் நல்லவர். தன் பத்தி வரவில்லை என்று கண்டதும் இலண்டன்காரருக்குத் தனியாகவும் எழுதினார். பயனில்லை. ஊஸ்டருக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவன் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டார்கள். அவரையும் வளைத்துவிட்டார்கள் என்று முடிவெடுத்தார்கள். மாத முடிவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேறு குழுவுக்குப் போனார்கள். அங்கே எல்லோரும் ஊரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

இரவீந்திரனின் கடிதம் வந்த அன்றே சுஜீவா அதன் கீழ்ப்பத்தியை வெட்டியிருந்தார். கேள்வியைக் குழுவுக்கு அனுப்பியிருந்தார். மிச்சமிருந்தவர்களில் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் அதற்கு எழுதிய விடையையும் இப்போது அனுப்பினார்.