அம்மன் காலடியில் கார் சாவி

எங்கள் லயத்து முருகையா அண்ணன் தோட்டத்துத் தேயிலை லோரி ஓட்டுகிறவர். அவருக்கு ஒரே ஓர் ஆசை. பெண்டாட்டி திலகாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோஸ் பயிரிடும் அவள் அண்ணன் விமலன் வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும். "லோரிக்காரனுக்குக் கொடுக்கிறோம், என் தங்கச்சிய லோரியிலதான் ஏத்திட்டுத் திரிவான்" என்று கல்யாணப் பந்தலிலேயே சொல்லிச் சிரித்தவர் அந்த விமலன். அந்தச் சிரிப்பு முருகையா அண்ணனுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

கடைசியில் கார் வாங்கினார். பழையதுதான். ஆனால் சாவி நுழைக்கத் துவாரமே கிடையாது. சாவி சட்டைப் பையில் இருந்தால் கதவு திறக்கும், பொத்தானை அமுக்கினால் எஞ்சின் கிளம்பும். வந்தது வினை! வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வெளியே நின்றே பிடித்துத் திருடன் காரைக் கிளப்பிவிடுவான் என்று தானா ராத்தா டவுன் கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து சாவி பிஸ்கட் டின்னுக்குள். குளிக்கப் போனாலும் டின் கூடவே போகும். இப்படி ஒரு மனிதனை நான் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் கார் பூசை. பெருமையில் எஞ்சினைக்கூட நிறுத்தாமல் அண்ணன் இறங்கினார். பூசாரி தட்டை நீட்டி, "சாவிய அம்மா காலடியில வைக்கணும்" என்றார். எவனுக்கும் தராத சாவியை அம்மனுக்குத் தந்தார். சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. திலகா முன்னால் ஏறினாள், துணைக்குப் போன நான் பிரசாதத் தட்டோடு பின்னால். பழங்கள் நசுங்கின. கார் நகர்ந்ததுமே கீ கீ என்று கத்தியது.

"என்னண்ணே சத்தம்?"

"புது மாடல் உமா, அப்படித்தான் கத்தும் லா."

அந்தக் கத்தலோடே மலை இறங்கினோம். விமலன் வாசலில் அண்ணன் விடாமல் ஹார்ன் அடித்தார். விமலன் வெளியே வந்து பார்க்கும்வரை காத்திருந்து, ஒற்றை விரலால் எஞ்சினை நிறுத்தினார். அண்ணன் முகத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

"ஏறுங்க மச்சான், ஒரு ரவுண்டு போலாம்."

விமலன் ஏறினார். பொத்தானை அமுக்கினால் கார் அசையவில்லை. திரையில் சாவிப் படம் மட்டும் மின்னியது. அண்ணன் சட்டைப் பையைத் தடவினார், வேட்டி மடிப்பைத் தடவினார், என் தட்டிலிருந்த சுண்டலைக்கூடக் கிளறினார். அப்புறம்தான், "ஐயோ, அம்மா காலடியில!" என்று தலையில் கைவைத்தார். ஓடுகிற கார் சாவி இல்லாவிட்டாலும் கத்திக்கொண்டே ஓடுமாம். நிறுத்திவிட்டால் மட்டும் மறுபடி கிளம்பாதாம். நல்ல நியாயம்!

விமலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பலே லோரிக்காரரே! சொந்தக்காரனாலயே திருட முடியாத காடிய வாங்கிருக்கீங்க!"

சாவி இல்லாமல் பூட்டவும் முடியாது. "பூட்டாத காடிய விட்டுட்டு வரவா? நான் எறங்க மாட்டேன்" என்று அண்ணன் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டார். சாவியை எடுத்துவர விமலனே தன் காய்கறி லோரியைக் கிளப்பினார். திலகாவும் நானும் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டோம். மலை ஏறும்போதும் அந்த ஆளின் சிரிப்பு நிற்கவில்லை.

திலகா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "அண்ணே, அவரு என்னை லோரியில ஏத்துவாருன்னு சொன்னீங்கல்ல? அவரு காடியிலதான் கொண்டாந்தாரு. லோரியில ஏத்தினது நீங்க."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. மடியில் தட்டு இருந்ததால் விட்டேன்.

நாங்கள் சாவியோடு திரும்பியபோது அண்ணன் காருக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். திலகா கதவைத் திறந்ததும், "திருடன்! திருடன்!" என்று அலறி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணத் தொறந்து பாருங்க, உங்க பெண்டாட்டி!"

அசடு வழிந்துகொண்டு அண்ணன் சாவிக்குக் கை நீட்டினார். அவள் தரவில்லை. அதை முந்தானையில் இறுக முடிந்துகொண்டு முன்னால் உட்கார்ந்தாள்.

பின்கதவு திறந்தது. கல்யாணமான நாளிலிருந்து "லோரிக்காரரே" என்றே கூப்பிட்டு வந்த விமலன், செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு ஏறினார்.

"மாப்ள, அந்த ரவுண்டு போலாமா?"