வாசலில் மூன்று சோடி

கதவைச் சாத்துவதற்கு முன் ஜீவராணி ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வாள். புருஷன் சாந்தகுமாரின் பெரிய செருப்பு, மூத்தவளின் பள்ளிக்கூடச் சப்பாத்து, தன்னுடைய தேய்ந்த சிலிப்பர். வாசலில் மூன்று சோடிக்கு மேல் கிடக்கக் கூடாது. சின்னவள் கிஷாந்தியின் சிவப்புச் செருப்பு பையில் சுருட்டிக் கட்டிலுக்கடியில் இருக்கும். இந்த வாசலைத் தாண்டி மொட்டைமாடிக்கு உடுப்புக் காயப்போட வரும் வீட்டுச் சொந்தக்காரி றொசானாவின் கண் முதலில் செருப்பில்தான் விழும்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் கையைக் கடிக்காத வாடகைக்கு ஓர் அறை என்பது குதிரைக்கொம்பு. பிள்ளைகள் எத்தனை என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு என்று உண்மை சொன்ன இடத்திலெல்லாம் கதவு சாத்திக்கொண்டது. இங்கே ஒன்று என்றாள். சின்னவளை மஸ்கெலியாவில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவளுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. நாலு நாள் தங்க வந்த அக்கா மகள் என்று சொல்லிக் கூட்டிவந்தாள். பிறகு றொசானா விசாரித்தபோது, "அனுப்பிட்டேனுங்க அன்ட்டி" என்று கூசாமல் சொன்னாள்.

அதிலிருந்து றொசானா மாதா கோயில் காலைப் பூசைக்குப் போயிருக்கும் நேரம்தான் பிள்ளை படியிறங்கும் நேரம். வெள்ளவத்தையில் ஜீவராணி சமைக்கும் வீடு ஒன்பதாம் மாடியில். அந்த வீட்டார் வேலைக்குப் போனபின் கிஷாந்தி கத்தலாம், குதிக்கலாம். அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டுத் தாயும் மகளும் பல்கனியில் நின்று கடலைப் பார்ப்பார்கள். ஜீவராணி விரலை நீட்டித் தண்ணீரில் வீடு கட்டுவாள். இந்தப் பக்கம் சமைக்கக் குசினி. அந்தக் கப்பல் நிற்கும் இடத்தில் அக்காவுக்கும் தங்கைக்கும் அறை. வாசல் மட்டும் பெரிசாக வேண்டும், செருப்பைக் கண்டபடி கழற்றி வீசிவிட்டு ஓட. "கடலுக்கு யாரும் வாடகை கேக்க மாட்டாங்கல்ல" என்று சிரிப்பாள். வெயில் மினுங்கும் அந்த வீட்டில் குக்கர் கூவும்வரை இருவரும் குடியிருப்பார்கள்.

நேற்றுப் பின்னேரம் நல்ல மழை. தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறியவள், அறைக்குள் வந்து பார்த்தால் பிள்ளையின் காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது. மற்றது படியில் விழுந்திருக்க வேண்டும். இந்த அறையும் போனால் எங்கே போவது?

கதவைத் திறந்தாள். மூன்று சோடிக்கும் பக்கத்தில் அந்தச் சிவப்புச் செருப்பு, சேறு துடைத்து வைக்கப்பட்டிருந்தது. படியிறங்கிக்கொண்டிருந்த றொசானா திரும்பாமலே சொன்னாள்: "உங்கட சின்ன மகள்ட செருப்பு படியில கிடந்துது."

ஜீவராணி உள்ளே போய், பிள்ளையின் காலில் இருந்த மற்றச் செருப்பைக் கழற்றிக் கொண்டுவந்து, அதன் பக்கத்தில் சோடி சேர்த்து வைத்தாள்.