யாரோ ஒரு பொம்பளை

கண்ணுகளா, நான் சிங்கப்பூர் போய்வந்த கதையை நீங்கள் இருவரும் கேட்கவே இல்லை. கேட்டால் அம்மா பேச்சு வந்துவிடுமோ என்ற பயம். அதனால் எழுதி வைக்கிறேன். உங்களைப் பற்றியும் இதில் இருப்பதால் எப்படியும் படிப்பீர்கள்.

உங்கள் அம்மா தவறிப்போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. தேயிலை அதற்கு முன்பே போய்விட்டது. இலையைப் பறித்தால் பறித்த கூலிக்குக் கட்டாது, பறிக்காமல் விட்டால் செடி மரமாகிவிடும். அப்போதுதான், கட்டபெட்டில் நமக்கு அடுத்த தோட்டத்தை விற்றுவிட்டுச் சிங்கப்பூர் போன என் சிநேகிதன், நீங்கள் மாமா என்று கூப்பிடுகிறவன், எனக்கு டிக்கெட் அனுப்பினான்.

நான் கிளம்பியது ஊர் பார்க்க அல்ல. உங்கள் அம்மாவை நன்றாகத் தெரிந்தவர்கள் அவனும் அவன் மனைவியும்தான். நம் வீட்டில் அவள் பேச்சு அடியோடு நின்றுபோயிருந்தது. அங்கே போனால் வாய் வலிக்கப் பேசலாம் என்று நினைத்தேன்.

அவர்களோ என்னை மாடி மாடியாகக் கடை பார்க்கக் கூட்டிப்போனார்கள். மோட்டார் போட்டு ஓடவிட்ட ஓர் அருவிக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். கோத்தகிரிப் பக்கத்துக்காரனை விமானம் ஏற்றி அருவி காட்டிய புண்ணியவான் என் சிநேகிதன். வீட்டில் நூல் கட்டிய தேயிலைப் பொட்டலத்தை முக்கிக் கொடுத்தார்கள். குடித்தேன். வெந்நீர் நன்றாக இருந்தது.

அம்மா பேச்சு மட்டும் வரவில்லை. “அவ இருந்திருந்தா...” என்று நான் ஆரம்பித்தால், “ஏப்பா, ஏசி ஜாஸ்தியா இருக்குதா?” என்பான் அவன். உடனே அவன் மனைவி என் தட்டில் இன்னொரு தோசை வைப்பாள். அங்கே நான் இரண்டு சுற்றுப் பெருத்ததற்கு உங்கள் அம்மாதான் காரணம்.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தார். அவரிடம் சிநேகிதன் நம் ஊர்ப் பெருமை பேச ஆரம்பித்தான்.

“ஒருக்கா இலை முத்தல்னு சொல்லி பேக்டரியில மூட்டையத் திருப்பி அனுப்பிட்டாங்க. வெயில்ல கெடந்து அத்தனையும் வெந்து போச்சு. அந்நேரம் பாத்து மேனேஜர் ஜீப்பு வருது. மூட்டைய அவுத்து, அப்படியே ஜீப்புக்குள்ள கொட்டி, ‘நீங்களே வறுத்துக் குடிங்க சாமி’ன்னு...”

“அட! யாருங்க கொட்டுனது?”

அவன் என்னைப் பார்த்தான். “அது... யாரோ ஒரு பொம்பளை.”

அந்தப் பொம்பளை ஆக்கிய சோற்றை வாரத்தில் பாதி நாள் தின்றவன் சொல்கிறான்!

“அந்தப் பொம்பளை எம் பொண்டாட்டிங்க,” என்றேன். “இவன் அப்ப வேலிக்கு அந்தப்பக்கம் ஒளிஞ்சு நின்னான்.”

அடுப்படியிலிருந்து அவன் மனைவி தோசைக் கரண்டியோடு வந்தாள்.

“வேலிக்கு அந்தப்பக்கமா? ஊட்டுக்கே ஓடியாந்து தாப்பாப் போட்டுக்கிட்டாருங்ண்ணா! அக்காதான் வந்து கதவத் தட்டி, ‘வெளிய வாங்க தம்பி, ஜீப்பு போயிருச்சு’ன்னு கூப்புட்டாங்க.” சிரித்துக்கொண்டே சொன்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “நாங்க என்னங்ண்ணா பண்றது? அக்கா பேச்சையே எடுத்துராதீங்க, அப்பாவுக்கு பிரஷர் ஏறிக்கும்னு உங்க புள்ளைங்கதான் போன் பண்ணிச் சொன்னாங்க.”

ஆக, அது உங்கள் வைத்தியம். என் பிரஷருக்காக உங்கள் அம்மாவைக் கதையிலிருந்தே இறக்கிவிட்டீர்கள். மாத்திரை இதைவிட நல்லது, கண்ணுகளா. அதைத் தின்றால் எனக்கு மட்டும்தான் கசக்கும்.

அப்புறம் தோசை தீயத் தீயப் பேசினோம். ஜீப்பில் கொட்டிய மறுநாள் உங்கள் அம்மா பயத்தில் காய்ச்சல் வந்து படுத்தாளாம். என்னிடம் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்லியிருந்தாள்.

பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். லிஃப்டில் நான் மட்டும். கதவு மூடியதும் உங்கள் அம்மாவின் பெயரைச் சொன்னேன். ‘இந்தா’, ‘ஏ புள்ள’ என்றே கூப்பிட்டுப் பழகிய வாய்க்குப் பெயர் சரியாக வரவில்லை. கீழே கதவு திறந்தது. நான் வெளியே போகவில்லை. மறுபடி மேல் மாடிப் பொத்தானை அழுத்தி, இந்தத் தடவை சத்தமாகச் சொன்னேன்.