பொரித்த எண்ணெய்க்கு விலை கூட

வெள்ளவத்தையில் அக்கா குடும்பம் இருந்த மாடிக் கட்டிடம் முழுவதும் ஒரு காலத்தில் வடை வாசனையாக இருந்தது. காரணம் அத்தான். வங்கியில் வேலை செய்பவர். கணக்கில் பிழையே விடமாட்டார்.

சாப்பாட்டுக் கடைகளில் பொரித்த எண்ணெய் வாங்குகிற லொறிக்காரரோடு கதைத்துவிட்டு வந்தவர், அக்காவையும் அவர்களோடு தங்கியிருந்த என்னையும் கூப்பிட்டு இருத்தினார்.

“பொரிச்ச எண்ணெயை ஏற்றுமதி செய்து வெளிநாட்டில டீசல் செய்யிறாங்களாம். அங்கத்த அரசாங்கம் மானியம் குடுக்குது. அதால புது எண்ணெயை விட இதுக்கு விலை கூட!”

“அப்ப புது எண்ணெயிலயே டீசல் செய்யலாமே, அத்தான்?”

“ஏலாது. கழிவெண்டாத்தான் அந்த மானியம்.”

“அப்ப என்ன செய்யிறது?” என்று கேட்டார் அக்கா.

“வாங்கிப் பொரிப்பம்.”

அடுத்த நாளே லிஃப்டில் எண்ணெய்க் கான்கள் ஏறின. மூவரும் வடை சுட்டோம். பூமிக்கடியில் இருக்கும் எண்ணெயை மிச்சம் பிடிக்க, பூமிக்கடியிலிருந்து வந்த காஸை சிலிண்டர் சிலிண்டராக எரித்தோம். இதை நான் அத்தானுக்குச் சொன்னேன். அடுப்பைக் கொஞ்சம் குறைத்தார்.

லொறிக்காரர் வந்து எண்ணெயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“இது சரிவராது அண்ணே. நல்லாக் கறுக்க வேணும்,” என்று சிங்களத்தில் சொன்னார்.

புது எண்ணெயைக் கெடுக்க இவ்வளவு பாடுபட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. மறுபடியும் சுட்டோம். வடையை எல்லா மாடிக்கும் கொடுத்தோம். காவலாளி எங்களைக் கண்டாலே தண்ணீர் மோட்டார் பக்கம் போய்விடுவார். கொட்டாஞ்சேனையில் இருந்த அக்காவின் சிநேகிதிக்கும் பஸ்ஸில் கொண்டுபோனோம்.

“தவக்காலமடி, வேண்டாம்,” என்றார் அவர்.

“இறைச்சிதானே கூடாது? இது பருப்பு!” என்று சொல்லி, அக்கா பையை அவர் கையில் திணித்துவிட்டு வந்தார்.

ஒருவழியாக எண்ணெய் தார் போலக் கறுத்தது. ஆனால் லொறிக்காரர் சொன்ன விலை இப்போது புது எண்ணெயின் பாதிகூட இல்லை. உலகச் சந்தையில், பூமிக்கடியில் எடுக்கிற மசகு எண்ணெய் மலிந்துவிட்டதாம். மானியம் சேர்த்தாலும் பொரித்த எண்ணெய் டீசலுக்குக் கட்டுப்படியாகவில்லையாம்.

“எங்கேயோ பாலைவனத்தில ஆரோ குழாயைக் கூடத் திறந்துவிட்டதுக்கு வெள்ளவத்தையில நான் ஏன் நட்டப்பட வேணும்?” என்று அத்தான் கத்தினார்.

லொறிக்காரருக்குத் தமிழ் அவ்வளவு விளங்காது. பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கான்களை ஏற்றினார்.

பிறகு, மிஞ்சிய வடையெல்லாம் தின்ற அத்தானுக்கு இரத்தத்தில் கொழுப்பு ஏறியது. பம்பலப்பிட்டிக்கு நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். டொக்டர், “சாப்பாடு எப்படி?” என்று விசாரித்தார்.

“சாப்பாடு இல்லை டொக்டர், ஏற்றுமதி,” என்றார் அத்தான். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.