முறுக்கு பாலாங்கும் நீலத் தூளும்

1. துத்தநாக உப்புக் கரைசலில் காரம் சேர்த்து, படிந்ததை வடிகட்டி, உலையில் சுட்டேன். துத்தநாக ஆக்சைடு நானோ தூள் கிடைத்தது. சுத்த வெள்ளை.
2. நீலச் சாயம் கலந்த நீரில் அந்தத் தூளைப் போட்டு, லேப் மொட்டைமாடியில் வெயிலில் வைத்தேன். வெயில் பட்டால் தூள் சாயத்தை உடைக்க வேண்டும்.
3. கோலாலம்பூர் மழை சொல்லிவிட்டு வராது. கிள்ளானிலிருந்து அம்மா முறுக்கு போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் பாலாங்கை, அந்த அகல வாய் ஜாடியை, கழுவி, பீக்கரின் மேல் கவிழ்த்தேன்.
4. மாலையில் நீர் தெளிந்திருந்தது.

பீக்கரைப் பெருமையோடு என் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். அவர் நீரைப் பார்க்கவில்லை. அடியில் படிந்த தூளைப் பார்த்தார்.

"தண்ணி தெளிஞ்சிருச்சு, சரி. சாயம் எங்க போச்சும்மா?"

தூள் நீலமாக இருந்தது. வெயிலில் சாயம் உடைந்திருந்தால் அது வெள்ளையாகவே இருந்திருக்கும். என் தூள் சாயத்தைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொண்டு சும்மா கிடந்திருக்கிறது.

"இப்படியே இருந்தா தலைப்புல 'சூரிய ஒளி'ய எடுத்துர வேண்டியதுதான் லா," என்றார்.

என் முதுகலை ஆய்வே அந்தச் சொல்லை நம்பித்தான் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் அறைக்குத் திரும்பும் ரயிலில், எங்கே தவறினேன் என்று ஒவ்வொரு படியாக யோசித்தேன். மூன்றாவதில் நின்றேன்.

மறுநாள் புற ஊதாக் கதிரை அளக்கும் மீட்டரோடு மாடி ஏறினேன். வெயிலில் எண் கிடுகிடுவென ஏறியது. பாலாங்குக்குள் வைத்தேன், கிட்டத்தட்ட பூஜ்யம். அந்தப் பக்கம் எல்லாம் தெளிவாகத் தெரிகிற பிளாஸ்டிக், தூளுக்கு வேண்டிய கதிரை மட்டும் உள்ளே விடவில்லை.

புதுத் தூள், புது நீர். இம்முறை மூடவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு பீக்கருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அப்போது அம்மா கூப்பிட்டார்.

"என் பாலாங் எங்கடி?"

"லேப்ல இருக்கும்மா."

"முறுக்கு பாலாங்குக்கு லேப்ல என்ன வேல?"

"சாயத் தண்ணிக்கு மழ படாம மூடி வெச்சேன்."

"ஐயோ! அது இனிமே உனக்கேதான். என் அடுப்படிக்குக் கொண்டு வந்துராத!"

அன்று மழை வரவில்லை. மாலையில் நீர் தெளிந்திருந்தது. வடிகட்டிய தாளில் தூள் வெள்ளையாகக் கிடந்தது. மேற்பார்வையாளர் தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தலைப்பு இருக்கட்டும்," என்றார்.

இப்போது என் தூள் வெயிலில் சாயத்தை உடைக்கிறது. ஆனால் அது நானே கலந்த சாய நீர். கிள்ளானில் துணிக்குச் சாயம் போடும் கடையிலிருந்து ஒரு போத்தல் கழிவு நீர் வாங்கி வந்திருக்கிறேன். அதை இன்னும் சோதிக்கவில்லை. பாலாங்கில் பேனாக்கள் இருக்கின்றன.