ஏழு குடிக்கும் ஒரே எழுத்து

என் கையெழுத்து கோணலானது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர-வும் பெரிய ற-வும் இன்னமும் என் கையில் இடம் மாறிவிடும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தை வைத்தே சோறு தின்கிறவன் இப்படிக் கேட்பது வெட்கம்தான். ஆனாலும் எங்கள் மிஸ்ஸைப் பற்றி எழுதாமல் இந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

அவரை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அவருடைய சுழல் கதிரை. புளியந்தீவில் நான் வேலை செய்யும் பதாகைக் கடையில், கணினிக்கு முன்னால் அது இருந்தது. மிஸ் காத்தான்குடியிலிருந்து தினமும் வந்து அதில் உட்கார்ந்து பதாகைகளை வடிவமைப்பார். என்னைவிட மிகவும் இளையவர். நான் அவரை மிஸ் என்பேன்; அவர் என்னை அண்ணன் என்பார். என் வேலை வெளியில். சட்டம் அடிப்பேன், ஏணியில் ஏறிப் பதாகை கட்டுவேன். ஆட்களோடு அதிகம் பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. ஒருநாள் பாலத்தடியில் ஏணி சறுக்கி விழுந்ததில் முழங்கால் போயிற்று. அந்த நேரத்தில்தான் மிஸ்ஸுக்கும் கட்டாரில் இருக்கும் கணவரிடம் போக விசா வந்தது. முதலாளி இரண்டையும் சேர்த்து யோசித்தார். “மிஸ் போறதுக்குள்ள பழகினா கதிரை உனக்கு. இல்லாட்டி நான் வெளியில ஆள் எடுப்பன்,” என்றார். ஏணியும் இல்லை, கதிரையும் இல்லை என்றால் அந்தக் கடையில் எனக்கு வேறு இடம் இருக்கவில்லை.

பழகுவது எனக்குப் பெரும் அவதியாக இருந்தது. வெயிலில் நடந்து திரிந்த உடம்பு கதிரையில் அடங்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எழும்பி வாசலுக்குப் போவேன். மிஸ் அதற்கும் ஒரு வேலை கொடுத்தார். “எழும்பித்தானே போறீங்க, அங்க நிண்டு கண்ணாடியக் கழட்டிப்போட்டு இதப் பாருங்க. முதல்ல என்ன தெரியுது?” ஒன்றும் தெரியாது. நான் செய்ததில் எல்லாமே பெரிய எழுத்து, எல்லாமே சிவப்பு, மூலைக்கு மூலை பூ. “எல்லாரும் ஒரே நேரத்தில சத்தம் போட்டா யாருட கதையக் கேக்கிற?” என்று சிரிப்பார். வெற்றிடத்தைக் கண்டால் விடமாட்டேன். எதையாவது கொண்டுபோய் வைத்துவிடுவேன். “பதாகை கட்டக்குள்ள காத்துப் போக வெட்டி விடுவீங்கதானே அண்ணன்? கண்ணுக்கும் அப்படி விடுங்க,” என்றார் ஒருநாள். வரிகளை நெருக்கி வைத்தபோது திரையை விரலால் தட்டி, “இஞ்ச பாருங்க, மேல் வரியில இருக்கிற மு காலை நீட்டிக் கீழ இருக்கிற கீ-க்குத் தலையில உதைக்குது. விலத்தி விடுங்க, பாவம்,” என்றார். அன்றிலிருந்து எழுத்துக்களுக்குத் தலையும் காலும் இருப்பது எனக்குத் தெரியத் தொடங்கியது. வீதியில் போகும்போதுகூடக் கடைப் பலகைகளில் யார் யாரை உதைக்கிறார்கள் என்று பார்ப்பேன்.

மிஸ்ஸின் கடைசி வாரத்தில், வாவிக்கரை ஊரொன்றிலிருந்து கண்ணகி அம்மனைக் குளிர்விக்கும் வருடச் சடங்கான குளிர்த்திக்குப் பதாகை வேலை வந்தது. முதலாளி அதை என்னிடம் தந்தார். அதுதான் சோதனை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர், சடங்கைச் செய்யும் ஏழு குடிகளின் பெயர்களையும் கோயில் முறைப்படி வரிசையாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழியாக வரும் வம்சம். அதன் மரியாதையில் ஒரு நூல் குறைந்தாலும் சடங்கே நின்றுபோகும். நானும் ஒரு குடியில் பிறந்தவன்தானே. அதனால் மிகவும் கவனமாகச் செய்தேன். ஏழு பெயர்களுக்கும் ஒரே நீளமான பெட்டி போட்டு, சின்னப் பெயரை இழுத்தும் பெரிய பெயரை நெருக்கியும் எல்லாவற்றையும் இரண்டு கரையும் முட்ட வைத்தேன். இனி ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

வண்ணக்கரோடு வந்தவர், பெயர் நீளமான குடியைச் சேர்ந்தவர். திரையைப் பார்த்ததும் முகம் மாறினார்.

“இதென்ன மனே, அவங்கட குடி விருந்துச் சோறு திண்ட மாதிரிக் கொழுத்துப்போய் இருக்கு. எங்கட குடி மட்டும் பட்டினி கிடந்ததா?”

முதலாளி என்னைப் பார்த்தார். “பின்னேரம் வாங்க ஐயா, சரியாகும்,” என்று அவர்களை அனுப்பிவிட்டு, “சரிவராட்டி நாளைக்கே வேற ஆளுக்குச் சொல்லுவன்,” என்றார் என்னிடம். எழும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

மிஸ் மவுஸைத் தொடவில்லை. “நான் செஞ்சு தந்தா அடுத்த கிழமை யாரு செய்யிற?” என்றார். பிறகு குரலைத் தணித்து, “எங்கட பள்ளிவாசல் நிருவாகத்திலயும் குடிக்கொரு மரைக்காயர் இரிக்கார் அண்ணன். இந்தச் சண்டை எனக்கும் தெரியும். நீங்க எழுத்த இழுத்திட்டீங்க. எழுத்த இழுக்கப்படாது, அதுட உடம்பு அதுக்கு,” என்று சொல்லிவிட்டு, பயணச் சாமான் வாங்க வெளியே போய்விட்டார்.

பெட்டிகளை அழித்தேன். ஏழு பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில், இடப்பக்கம் நேராக நிறுத்தினேன். வலப்பக்கம் ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் நின்றது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு முறை திரும்பவும் இழுக்கப் போன கையை எடுத்தேன். வந்து பார்க்கும் சனத்துக்கு முதலில் வேண்டியது குளிர்த்தி எந்த நாள் என்பதுதான். அதை மட்டும் பெரிதாக வைத்தேன்.

பின்னேரம் வண்ணக்கரோடு திரும்பி வந்த அந்த மனிதர் குனிந்து, கட்டைவிரலை ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வைத்து உயரம் பார்த்தார். ஏழாவது பெயர் வரை விரல் இறங்கியது. அது முடியவே போவதில்லை போல எனக்கு இருந்தது. “உயரம் சரிதான் கா,” என்றார் வண்ணக்கரிடம். முதலாளி அச்சுக்கு அனுப்பச் சொன்னார். அடுத்த கிழமை ஆள் எடுக்கவுமில்லை.

மிஸ் கட்டாருக்குப் போன பிறகும் செய்ததையெல்லாம் அவருக்குத் தொலைபேசியில் அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை கடைக்குள் உலாத்துவேன். ‘பூவை எடுங்க’, ‘மஞ்சள் கூடிட்டுது’ என்று வரும். அதன் பிறகுதான் அச்சு. இந்த வருடமும் அதே ஊர்க் குளிர்த்தி வந்தது. அனுப்பினேன். மத்தியானம் வரை பதில் இல்லை. வண்ணக்கர் வாசலில் காத்திருந்தார். அச்சுப் பொத்தானில் விரலை வைத்தேன், எடுத்தேன், பிறகு அழுத்திவிட்டேன்.

பதாகை வீதியில் ஏறிய பிறகுதான் பதில் வந்தது. “இத என்னத்துக்கு அண்ணன் எனக்கு அனுப்பினீங்க?”

மெச்சினாரா, சலித்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டு எழுதக் கூச்சமாக இருக்கிறது. இன்று ஒரு கலியாணப் பதாகை முடித்தேன். அதை அவருக்கு அனுப்பவில்லை.

வைகாசி மாதம், குளிர்த்தி முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை.